பரீட்சை, வேலை நெருக்கடியில் உங்கள் சாப்பாடு எப்படி மாறியது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோபிக்காரி:

தம்பியை இந்த வருடம் பிளஸ் ஒன்னுக்கு விடுதியில் சேர்க்கிறோம். அவனுக்குப் பெட்டி அடுக்கும்போது என் கதை ஞாபகம் வந்தது.

நாமக்கல் பக்கம் ஒரு பள்ளியில் விடுதியில் தங்கி, இரண்டு வருடம் நீட்டுக்குப் படித்தவள் நான். காலை ஐந்து மணிக்கு ஸ்டடி, எட்டு மணிக்கு மெஸ். பிளஸ் டூ அரையாண்டு நெருங்க நெருங்க, காலைச் சாப்பாடு தானாக நின்றுபோனது. யாரும் பட்டினி போடவில்லை. இட்லியை வாயில் வைத்தாலே குமட்டும், அவ்வளவுதான். ராத்திரி ஸ்டடிக்குக் கொடுக்கும் டீ மட்டும் ஒரு டம்ளர் மூன்றானது.

மாதம் ஒரு ஞாயிறு வீட்டிலிருந்து பார்க்க வருவார்கள். அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், தூக்குப்போசி நிறைய அரிசியும்பருப்பும் சாதம் நெய் விட்டுக் கொண்டு வருவார். நாலு வாய் தின்றுவிட்டு மிச்சத்தைப் பக்கத்து ரூம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன். ஒரு ஞாயிறு வேப்பமரத்தடியில் உட்கார வைத்துத் தலை வாரிவிட்டார். சீப்பில் வந்த முடியை விரலில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது அம்மாவிடம் மட்டும், "புள்ளைக்கு ரத்தமே இல்ல, டாக்டர்கிட்டக் காட்டோணும்" என்றார்.

மூன்று மாதமாக எனக்கு மாதவிடாய் வரவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. பரீட்சை நேரத்தில் ஒரு தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன்.

ஈரோட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குறைந்தது 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8.4. "வர்ற தீனி பத்தலை, மனசும் ஓயாம பதறுதுன்னா மூளை முதல்ல நிறுத்துறது இந்த மாதவிடாய்ச் செலவைத்தாம்மா" என்றார் டாக்டரம்மா. இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, அதைத் தள்ளிக் குடி, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள் என்றார். முன்பு அரசுப் பள்ளியில் வாரம் ஒரு நீல இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தபோது ஜன்னலுக்கு வெளியே வீசியவள் நான்! 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. எங்கள் ரூமில் எட்டுப் பேர் இருந்தோம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

திருப்பூர் மாப்ள:

எனக்கு நேர் எதிர். வயது 23, பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஆர்டரைக் கவனிக்கிற வேலை. ஷிப்மென்ட் வாரத்தில் பகல் முழுக்க டீயும் வர்க்கியும்தான். சாயக்காரர் ஒரு பக்கம், பையர் ஒரு பக்கம் என்று போன் காதை விட்டு இறங்காது. ராத்திரி பதினொரு மணிக்கு வெளியே வந்ததும் வண்டி நேராகக் காளான் கடைக்குத்தான் போகும். பேருக்குத்தான் காளான், பாதிக்கு மேல் முட்டைக்கோஸ். கல்லில் பொரியலை உதிர்த்து, மசாலா ஊற்றி, டங் டங் என்று கொத்தி, மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவார் அண்ணன். அது முடிந்ததும் புரோட்டா. ஒன்றரை வருடத்தில் 11 கிலோ ஏறிவிட்டேன்.

தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், போதும் என்று சொல்லும் லெப்டின் குறையும் என்று படித்தேன். சரி, அதுவும் இருக்கும். ஆனால் உண்மையைச் சொன்னால் பாதி நாள் எனக்குப் பசியே இருக்காது. அந்தத் தட்டு கையில் இருக்கிற இருபது நிமிடம்தான் நாள் முழுக்க என்னை யாரும் எதுவும் கேட்காத நேரம். அண்ணனும் "காரம் போடட்டுங்களா"வோடு விட்டுவிடுவார். டயட் சொல்லித் தருகிறவர்களிடம் இதை எப்படிச் சொல்வது?

பவானிக்கரை:

நர்ஸாக இருக்கிறேன். மாப்ள, பேச ஆள் வேண்டுமென்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பைத்தியம் என்று யாரும் எழுதி வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

ராசிபுரம் அம்மா:

நான் இந்தக் கதையில் எதிர்ப்பக்கம். பையன் விடுதியில் இருந்தான். ஃபீஸுக்கு நகையை வைத்திருந்தோம். வாரம் ஒரு போன். எடுத்ததும் "சாப்டியா சாமி?" என்பேன். "ம்" என்பான். அடுத்து, "டெஸ்ட்ல எத்தன?" இந்த இரண்டு கேள்வியில் போன் முடிந்துவிடும்.

பொங்கல் லீவில் வந்தவனுக்குச் சட்டை தோளில் நிற்கவில்லை. மெஸ் சாப்பாடு மோசம் போல என்று கொள்ளுப்பொடி, எள்ளுருண்டை, கடலைமிட்டாய் எல்லாம் கட்டிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது டப்பா பிரிக்காமல் பெட்டிக்குள் இருந்தது. எறும்புதான் தின்றிருந்தது. எனக்குக் கோபம் வந்து, அங்கேயே கத்திவிட்டேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

விஷயத்தைச் சொன்னது அவன் கூட்டாளிப் பையன். வாராவாரம் டெஸ்ட் ரேங்க் பட்டியலை மெஸ் வாசல் கதவில்தான் ஒட்டுவார்களாம். கடைசி இருபது பேர் பெயருக்குச் சிவப்பில் கோடு. என் மகன் பெயர் அதில் இருந்த வாரமெல்லாம் அவன் அந்தக் கதவுப் பக்கமே போகவில்லை. பைப்பில் தண்ணீர் குடித்துவிட்டு ரூமிலேயே படுத்திருக்கிறான். அந்த வாரங்களில் நானும் போனில் அதே மார்க்கைத்தான் கேட்டிருக்கிறேன்.

இப்போது பி.காம். படிக்கிறான், வீட்டிலிருந்தே போய் வருகிறான். கம்மஞ்சோறு கரைத்து வைத்தால் இரண்டு சொம்பு குடிக்கிறான். நகை இன்னும் மீட்கவில்லை, அது கிடக்கட்டும்.

கோபிக்காரி:

அம்மா, எங்கள் பள்ளியிலும் மெஸ் வாசலில்தான் ஒட்டுவார்கள். இத்தனை வருடமாக இட்லிதான் எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பியை நேற்று கொண்டுபோய் விட்டோம். ரூமைப் பார்க்கும் முன்னே மெஸ்ஸைத்தான் போய்ப் பார்த்தேன். வாசலில் கண்ணாடி போட்ட போர்டு, இப்போதைக்குக் காலியாக இருக்கிறது. இங்கே என்ன ஒட்டுவீர்கள் என்று வார்டனிடம் கேட்டேன். "ஏம்மா, மெனுதான்" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "மார்க்கும் போடுவோம்" என்றார்.