சிஐஎன்2 என்று வந்த பயாப்ஸி: மெத்திலேஷன் பரிசோதனை எதைச் சொல்லும்?

கேள்வி – தேன்மொழி

என் தங்கைக்கு 28 வயது. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்பிவி 16 வைரஸ் தொற்று தெரிந்தபின் செய்த பயாப்ஸியில் (திசுப் பரிசோதனையில்), கருப்பை வாயில் சிஐஎன்2 (புற்றுநோய்க்கு முந்தைய, நடுத்தர அளவிலான செல் மாற்றம்) என்று முடிவு வந்துள்ளது. அவள் இனிமேல்தான் குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதால், லீப் முறையில் (மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் வெட்டி) அகற்றுவது, ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு காத்திருப்பது என இரு வழிகளையும் மருத்துவர் கூறினார். டிஎன்ஏ மெத்திலேஷன் பரிசோதனை இங்கே உதவும் என்று படித்தேன். பயாப்ஸி சொல்லாத எதை அது சொல்லும்?

மறுமொழி – இளவேனில், ஆய்வகப் பணி

குவானினுக்கு முன் நிற்கும் சைட்டோசினில் ஒரு மெத்தில் தொகுதி ஒட்டிக்கொள்வதே மெத்திலேஷன். மரபணுவின் தொடக்கப் பகுதியில் இது திரண்டால், டிஎன்ஏ வரிசை மாறாமலே அந்த மரபணு அடங்கிப்போகும். எச்பிவியின் ஈ6 புரதம், செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் பி53 புரதத்தை அழிக்கிறது, ஈ7 அதே வகைக் காவலான ஆர்பி புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது. மெத்தில் தொகுதிகளைச் சேர்க்கும் டிஎன்எம்டி1 நொதியின் செயலையும் இவை கூட்டுகின்றன. ஆகவே தொற்று நீங்காமல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது, சிஏடிஎம்1, இபிபி41எல்3 போன்ற புற்றுநோயைத் தடுக்கும் மரபணுக்கள் அடங்கத் தொடங்குகின்றன. வைரஸின் எல்1, எல்2 பகுதிகளிலும் மெத்திலேஷன் ஏறுகிறது. லண்டனில் உருவான எஸ்5 பரிசோதனை இபிபி41எல்3 மரபணுவையும் இந்த வைரஸ் பகுதிகளையும் சேர்த்தே அளக்கிறது. நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சிஐஎன்2 புண்களில், எது நெடுங்காலம் முற்றியது என்பதற்கு இதில் தடயம் கிடைக்கிறது.

மறுமொழி – மகப்பேறு மருத்துவர் ஒருவர்

சிஐஎன்2 புண்களில் ஏறத்தாழ பாதி, இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே பின்வாங்குகின்றன. ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவானவை முன்னேறுகின்றன. லீப் சிகிச்சையில் எவ்வளவு ஆழமாக வெட்டுகிறோமோ, அவ்வளவுக்குப் பிற்காலக் கர்ப்பத்தில் குறைப்பிரசவ அபாயம் கூடுகிறது. எனவே பின்வாங்கக்கூடிய புண்ணை முன்கூட்டியே அடையாளம் காண்பது உங்கள் தங்கையைப் போன்றோருக்கு மிகவும் முக்கியம். நெதர்லாந்தில் சிஐஎன்2, அதைவிடத் தீவிரமான சிஐஎன்3 உள்ள பெண்களுக்கு உடனடிச் சிகிச்சை தராமல் கண்காணித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், எஃப்ஏஎம்19ஏ4, எம்ஐஆர்124-2 ஆகிய இரு மரபணுக்களிலும் மெத்திலேஷன் இல்லாதவர்களில் சுமார் நான்கில் மூன்று பங்கினருக்கும், இருந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கும் புண் பின்வாங்கியது.

தேன்மொழி

அப்படியானால், பாசிட்டிவ் (மெத்திலேஷன் உண்டு) என்று வந்தவர்களிலும் பாதிப் பேருக்குப் பின்வாங்கியிருக்கிறதே? அதைப் புற்றுநோய் என்று அஞ்ச வேண்டியதில்லையா?

மறுமொழி – மகப்பேறு மருத்துவர் ஒருவர்

பாசிட்டிவ் என்பது புற்றுநோய் அன்று; ஆனால் அந்நிலையில் நான் சிகிச்சையின் பக்கம் சாய்வேன். நெகட்டிவ் வந்தால் காத்திருக்கலாம், கண்காணிப்பை மட்டும் நிறுத்தக் கூடாது. இந்தப் பரிசோதனை புற்றுநோயைத் தவறவிடுவது அரிது என்றாலும், இளம் பெண்களின் சிஐஎன்2, சிஐஎன்3 புண்களில் கணிசமானவற்றுக்கு நெகட்டிவ் காட்டுவதுண்டு. கோல்போஸ்கோபியில் (கருப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் பரிசோதனையில்) செல்மாற்ற வளையம், அதாவது இத்தகைய புண்கள் பெரும்பாலும் தோன்றும் பகுதி, முழுவதும் தெரிந்ததா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். தெரியவில்லை என்றால், மெத்திலேஷன் முடிவு எதுவாயினும் காத்திருக்குமாறு நான் சொல்லமாட்டேன்.

மறுமொழி – இளவேனில், ஆய்வகப் பணி

எச்பிவி பரிசோதனைக்கு எடுத்த திரவ மாதிரியில் மீதம் இருந்தால், பல வேளைகளில் அதுவே போதும். மெத்திலேஷனை அளக்க முதலில் செய்யும் பைசல்பைட் வேதிவினை டிஎன்ஏவின் ஒரு பகுதியைச் சிதைத்துவிடும் என்பதால், செல்கள் குறைவான மாதிரி செல்லாது என்று திரும்பக்கூடும்; அதை நெகட்டிவ் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.