பழைய பிக்கப் டிரக்: ஈசியு ட்யூன் செய்தால் இழுவையும் மைலேஜும் கூடுமா?

கேள்வி – மேட்டுவண்டி

என்னுடையது 2004 மாடல் ஷெவர்லே சில்வராடோ, 5.3 லிட்டர் வி8 பெட்ரோல், 4 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். முன்பெல்லாம் லிட்டருக்கு 6 கிலோமீட்டருக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது, இப்போது 5-ஐத் தாண்டுவதே பெரும்பாடு. டிரெய்லரை மாட்டிக்கொண்டு மேடு ஏறினால் திணறுகிறது. கியர் மாறும்போது ஒரு கணம் தொய்ந்துபோய் அப்புறம்தான் இழுக்கிறது. செக் எஞ்சின் லைட் எரியவில்லை. 245/75 ஆர்16 டயரை எடுத்துவிட்டு 285/75 ஆர்16 போட்டிருக்கிறேன், அதைத் தவிர எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியேதான் இருக்கிறது.

எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியுவின் அமைப்புகளை மாற்றும் ட்யூன் ஃபைல் விற்கும் ஒருவரிடம் கேட்டேன். வண்டியைப் பார்க்கவே வேண்டாம், ஃபைலை அனுப்புகிறேன், ஏற்றினால் பவர், மைலேஜ் இரண்டும் ஏறும் என்கிறார். ஸ்கேனர் மாட்டும் ஓபிடி போர்ட்டில் செருகினாலே பெட்ரோல் மிச்சமாகும் என்று சின்னச் சின்னப் பெட்டிகளும் விற்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில் – ஸ்பேனர்

பெட்டி வேண்டவே வேண்டாம். பிரித்துப் பார்த்தவர்கள் பலர், உள்ளே நாலைந்து எல்இடியும் அதை மினுக்க ஒரு சின்ன சிப்பும்தான் இருக்கும். ஈசியுவில் ஒரு எண்ணைக்கூட அது மாற்றாது.

ஃபைலையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். வண்டியைப் பார்க்காமல் எழுதிய ட்யூன் ஆளை அளக்காமல் தைத்த சட்டை மாதிரிதான். உங்கள் வண்டியில் ஏதோ ஒன்று மெல்லக் கெட்டிருக்கிறது, அதன் மேல் ட்யூன் போட்டால் கோளாறு மறைந்துகொண்டு பெரிதாகும். லைட் எரியவில்லை என்பதை நம்பாதீர்கள். பெட்ரோல் அளவில் திருத்தம் ரொம்பவே எல்லை மீறினால்தான் அது எரியும், அதுவரை ஈசியு சத்தமில்லாமல் சமாளித்துக்கொண்டே இருக்கும்.

லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனர் ஒன்றை எடுத்துக்கொண்டு, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு இதையெல்லாம் குறித்துப் போடுங்கள்: இரண்டு பேங்கின் (வி8-இன் இரு பக்க சிலிண்டர் வரிசைகள்) லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் (பெட்ரோல் அளவில் ஈசியு செய்துவரும் திருத்தம், சதவீதத்தில்), ஐட்லிங்கில் எவ்வளவு, 2500 ஆர்பிஎம்மில் எவ்வளவு. ஓட்டும்போது கூலன்ட் சூடு. மேடு ஏறும்போது நாக் ரிடார்ட் எத்தனை டிகிரி, அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் முறைதவறி வெடிக்கும் நாக்கிங் சத்தம் கேட்டு ஈசியு ஸ்பார்க்கை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்று.

பதில் – கணக்குப்பிள்ளை

டயரைப் பற்றி யாரும் பேசவில்லையே. 245/75 ஆர்16-இன் விட்டம் சுமார் 774 மில்லிமீட்டர், 285/75 ஆர்16 சுமார் 834. கிட்டத்தட்ட 8 சதவீதம் பெரிது. ஸ்பீடோமீட்டரைத் திருத்தாவிட்டால் ஓடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 107-க்கு மேல் ஓடியிருக்கும். அப்படியானால் நீங்கள் 5 என்று போட்ட கணக்கு உண்மையில் 5.4. காணாமல் போன மைலேஜில் ஒரு பங்கு காணாமல் போகவே இல்லை!

இழுவை குறைந்ததிலும் டயருக்குப் பங்கு உண்டு. விட்டம் கூடினால் கியர் விகிதம் அதே அளவுக்குத் தணிந்த மாதிரி ஆகிவிடும், டயரின் எடையும் கூடுதல்.

மேட்டுவண்டி

பார்த்துவிட்டேன். ஐட்லிங்கில் ட்ரிம் ஒரு பேங்கில் +14, இன்னொன்றில் +13. 2500-இல் இரண்டும் +4. நெடுஞ்சாலையில் கூலன்ட் 77 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது. மேட்டில் நாக் ரிடார்ட் 3, 4 டிகிரி வருகிறது. இதெல்லாம் மோசமா அண்ணே?

பதில் – ஸ்பேனர்

மோசம்தான், ஆனால் எல்லாம் சரிசெய்யக்கூடியது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஐட்லிங்கில் ட்ரிம் கூடி, ஆர்பிஎம் ஏறினால் இறங்குகிறது என்றால் எங்கேயோ கணக்கில் வராத காற்று நுழைகிறது. ஐட்லிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதனால் சின்ன லீக்கும் பெரிதாகத் தெரியும். ஆர்பிஎம் ஏறினால் மொத்தக் காற்றில் அது கரைந்துவிடும். உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரோ பெட்ரோல் பம்ப்போ காரணமாக இருந்தால் லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறியிருக்கும். இரண்டு பேங்கிலும் ஒரே மாதிரி என்பதால் இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட், பிசிவி ஹோஸ் (கிராங்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்), பிரேக் பூஸ்டர் ஹோஸ் இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். இன்டேக்குக்குள் புகையைச் செலுத்தி ஸ்மோக் டெஸ்ட் செய்தால் புகை கசியும் இடம் கண்ணுக்கே தெரியும். சிலர் கார்ப் கிளீனரை அடித்துப் பார்ப்பார்கள், சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீப்பிடிக்கும், செய்யாதீர்கள்.

இன்னொரு விஷயம், இந்த ஈசியு ப்ளஸ்ஸில் இருக்கும் ட்ரிம்மை ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போதும் சேர்த்துக்கொள்ளும். பொய்யான ப்ளஸ் இருந்தால் அந்த நேரத்திலும் பெட்ரோல் தேவைக்கு மேல் போகும்.

77 டிகிரி என்றால் தெர்மோஸ்டாட் மூடாமல் நிற்கிறது. 90-ஐ ஒட்டி இருக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் உராய்வும் கூடும், பெட்ரோலும் சரியாக ஆவியாகாது. விலை மலிவான பாகம், மாற்றிவிடுங்கள்.

நாக்கிங்தான் இழுவையைக் கொல்கிறது. இந்த ஈசியுவில் ஸ்பார்க் டைமிங்குக்கு இரண்டு டேபிள் உண்டு, ஒன்று உயர் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறன்) பெட்ரோலுக்கு, ஒன்று குறைந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு. நாக் சென்சார் தொடர்ந்து சத்தம் கேட்டால் முதல் டேபிளிலிருந்து இரண்டாவதை நோக்கி மெல்ல நகர்ந்துவிடும், ஓட்டுபவருக்கு வண்டி சோர்ந்த மாதிரி மட்டும் தெரியும். நல்ல பெட்ரோல் போட்டுப் பாருங்கள். எக்ஸாஸ்ட் ஹீட் ஷீல்டு லூசாகி அதிர்ந்தாலும் சென்சார் அதை நாக்கிங் என்றே எடுத்துக்கொள்ளும், கையால் ஆட்டிப் பாருங்கள்.

மேட்டுவண்டி

கேஸ்கெட்தான்! புகை மேனிஃபோல்டின் பின்பக்கத்திலிருந்து கசிந்தது. கழற்றியபோது ரப்பர் கல் மாதிரி இறுகி, ஓரத்தில் தட்டையாகப் படிந்திருந்தது. தெர்மோஸ்டாட்டும் மாற்றியாயிற்று. ட்ரிம் இப்போது 2, 3-க்குள், சூடு 92. ஹீட் ஷீல்டு போல்ட் ஒன்று துருப்பிடித்து அறுந்திருந்தது, கட்டிய பிறகு ரிடார்ட் அநேகமாக வருவதில்லை. டயர் கணக்கையும் சேர்த்தால் மைலேஜ் 6-ஐத் தொடுகிறது. மேட்டில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. கியர் மாறும்போது வரும் தொய்வு மட்டும் போகவில்லை. இனி ட்யூன் செய்யலாமா?

பதில் – ஸ்பேனர்

இப்போது செய்யலாம். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் ட்யூனால் வரும் பவர் கொஞ்சம்தான், ஆனால் ஓட்டும் சுகம் மாறும். அந்தத் தொய்வு டார்க் மேனேஜ்மென்ட், கியர் மாறும் நேரத்தில் கியர்பாக்ஸைக் காக்க ஈசியுவே டைமிங்கைப் பின்னிழுக்கிறது. அதைக் குறைக்கலாம், சுழியமாக்க வேண்டாம். டிரெய்லர் இழுக்கும் வண்டி, 4எல்60-இ கியர்பாக்ஸ் அதைப் பொறுத்துக்கொள்ளாது.

ஸ்பீடோவுக்கு டயர் அளவைத் திருத்துங்கள், கியர் மாறும் வேகமான ஷிஃப்ட் பாயின்ட்டும் அதோடு ஒழுங்காகும். முழு மிதியில் காற்று-பெட்ரோல் விகிதம் 12.6-ஐ ஒட்டி இருக்கட்டும், அதை அளக்க விகிதத்தை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் கட்டாயம் வேண்டும், வண்டியில் இருப்பது 14.7-க்கு (பெட்ரோல் முழுதாக எரியும் விகிதம்) இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் சொல்லும். டைமிங்கை ஒரு டிகிரி கூட்டி, ஓட்டும்போதே ஸ்கேனர் பதிவு (லாக்) எடுத்து, நாக் இல்லை என்றால் மட்டும் அடுத்த டிகிரி. மைலேஜுக்காக க்ரூஸில் (ஒரே வேகத்தில் ஓடும்போது) பெட்ரோலைக் குறைக்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஆக்சிஜன் சென்சார் அதை உடனே 14.7-க்கே இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

எதற்கும் முன்னால் ஈசியுவிலிருந்து ஒரிஜினல் ஃபைலை எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். ட்யூனை ஈசியுவில் எழுதும்போது பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டி, ஏசி, ரேடியோ, விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், நடுவில் வோல்டேஜ் இறங்கினால் ஈசியு செத்துவிடும். ட்யூன் போடும் முன் அதே மேட்டில் ஒரு லாக் எடுத்து இங்கே போடுங்கள், டைமிங் டேபிளில் எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.