ஜவ்வு அறுவை: 6 வாரத்தில் சேர்வது எது?

கபடிக்காரன்: "முட்டிச்சில்லின் கீழுள்ள நாணை எடுத்து, மூட்டுக்குள் அறுந்த ஏ.சி.எல். ஜவ்வுக்குப் பதிலாக வைத்து அறுவை செய்தால் 6 வாரத்தில் கால் பழையபடி ஆகிவிடும்; ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) நாணை எடுத்தவர்கள் ஏமாளிகள்" என்று 'வலதுமூட்டு' என்ற பெயரில் எழுதுபவர் நேற்று இங்கே தீர்ப்பெழுதியிருக்கிறார். ஐயா, 6 வாரத்தில் சேர்வது நாணின் இரு முனைகளிலும் இருக்கும் எலும்புத் துண்டுகள் மட்டுமே. நடுவில் இருக்கும் நாண் இரத்த ஓட்டம் இழந்து, செல்கள் மடிந்து, புதிய இரத்தக்குழாய்கள் நுழைந்த பிறகே மெல்ல ஜவ்வாக மாறுகிறது. ஏறத்தாழ 6 முதல் 12 வாரம் வரைதான் அது மிகவும் பலவீனமாக இருக்கிறது. நீங்கள் ஓடச் சொல்வதும் அப்போதுதான்!

வலதுமூட்டு: எலும்போடு எலும்பு சேர 6 வாரம். ஹாம்ஸ்ட்ரிங் நாண் எலும்போடு சேர 8 முதல் 12 வாரம். எது முந்துகிறது? நார்வே 2004 முதல் இந்த அறுவைகளுக்குப் பதிவேடு வைத்திருக்கிறது. மறு அறுவை அதிகம் தேவைப்பட்டது ஹாம்ஸ்ட்ரிங்காரர்களுக்கே.

கபடிக்காரன்: பதிவேட்டை யார் மறுத்தார்கள்? அதில் "6 வாரத்தில் பழைய கால்" எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அதைக் காட்டுங்கள்.

பின்வரிசை: நான் ஐந்து வேளையும் தொழுபவன். முட்டிச்சில்லு நாணை எடுத்தால் மண்டியிடும்போது முன்பக்கம் வலிக்கலாம் என்று சொல்லித்தான் மருத்துவர் எனக்கு ஹாம்ஸ்ட்ரிங் எடுத்தார். நானும் ஏமாளியா?

வலதுமூட்டு: தொழுகையை இழுக்காதீர்கள். ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசுகிறோம். கால்பந்து வீரர் ஸ்லாட்டான் இப்ராஹிமோவிச் 2017 ஏப்ரலில் ஜவ்வு அறுந்து விழுந்தார், நவம்பரில் களத்தில் நின்றார்.

கபடிக்காரன்: அது 7 மாதம். உங்கள் ஊரில் 7 மாதத்துக்கு 6 வாரமா? அவருக்கு எந்த நாணை வைத்தார்கள் என்பதையும் சொல்லவில்லை.

இயன்முறைக்காரி: எந்த நாணாக இருந்தாலும் 9 மாதத்துக்கு முன் ஆட்டத்துக்குத் திரும்பியவர்களுக்கு மறுபடி காயம் அதிகம் என்று 2016இல் நார்வே ஆய்வு வந்தது. தொடைத் தசையின் பலத்தை அளந்து பார்க்காமல்...

வலதுமூட்டு: பயிற்சிக் கட்டணம் 9 மாதம் வந்தால் யாருக்கு லாபம் என்று எல்லோருக்கும் தெரியும், அம்மணி.

கபடிக்காரன்: அவரிடம் ஏன் பாய்கிறீர்கள்? 6 வாரத்துக்குப் பதில் சொல்லுங்கள். நாணைப் பிடித்துவைக்கும் டைட்டானியம் திருகாணி இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது என்று போன வருடம் இங்கே எல்லோரையும் பயமுறுத்தியவரும் நீங்கள்தானே?

வலதுமூட்டு: படம் கலங்கும் என்றேன். கூடாது என்று சொல்லவில்லை.

பின்வரிசை: சொன்னீர்கள். என் தம்பி அதைப் படித்துவிட்டு ஸ்கேனுக்கே போகவில்லை.

வலதுமூட்டு: உங்கள் தம்பிக்கு நான் பொறுப்பா? எலும்பு 6 வாரத்தில் சேரும். இதை மறுக்க முடிந்தவர் மறுக்கட்டும்.

கபடிக்காரன்: எலும்பு சேரும் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன்! கால் எப்போது பழையபடி ஆகும் என்றுதானே கேட்கிறேன்?

வலதுமூட்டு: 6 வாரம்.