அல்குபியெரேயின் குமிழியைத் தடுப்பது ஆற்றலா, வேறு ஏதாவதா?

தென்வானம் கேட்கிறார்:

மெக்சிகோ நாட்டு இயற்பியலாளர் மிகேல் அல்குபியெரே, 1994இல் கார்டிஃபில் இருந்தபடி வெளியிட்ட வார்ப் (வெளியையே வளைத்துப் பயணிக்கும் முறை) கட்டுரையைச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். கலத்துக்கு முன்னால் வெளி சுருங்குகிறது, பின்னால் விரிகிறது. இவற்றின் நடுவே உருவாகும் குமிழிக்குள் இருக்கும் கலமோ தன் இடத்தில் எந்த முடுக்கத்தையும் உணராமல் மிதக்கிறது. ஒளியை முந்தக் கூடாது என்ற விதி வெளிக்குள் நகரும் பொருளுக்குத்தானே தவிர வெளிக்கு அல்ல என்பதும், மிகத் தொலைவிலுள்ள விண்மீன் திரள்கள் ஒளியை விட வேகமாக நம்மை விட்டு விலகுவதே இதற்குச் சான்று என்பதும் எனக்குப் புரிகிறது. அப்படியானால் எஞ்சியிருக்கும் தடை, குமிழியை உருவாக்கத் தேவையான எதிர்மறை ஆற்றல் (வெற்று வெளியைவிடக் குறைந்த ஆற்றல்) கிடைக்காதது ஒன்று மட்டும்தானா? அது கிடைத்துவிட்டால் 4.24 ஒளியாண்டு தொலைவிலுள்ள பிராக்சிமா சென்டாரி விண்மீனுக்குச் சில வாரங்களில் போய்விடலாமா?

குறுந்தாடி:

ஆற்றல் ஒன்றே போதுமான தடை என்பேன். ஃபென்னிங், ஃபோர்டு ஆகிய இயற்பியலாளர்கள் இருவரும் 1997இல் எதிர்மறை ஆற்றலுக்குக் குவாண்டம் இயற்பியல் விதிக்கும் கட்டுப்பாடுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, நூறு மீட்டர் ஆரமுள்ள குமிழிக்குத் தேவைப்படும் எதிர்மறை ஆற்றல், நாம் காணக்கூடிய அண்டத்தின் மொத்த நிறையைப் போல் ஏறத்தாழ ஆயிரம் கோடி மடங்காக வந்தது. 1999இல் வான் டென் புரூக், குமிழியை வெளிப்பக்கம் அணுக்கரு அளவுக்குச் சுருக்கி உட்பக்கத்தை மட்டும் விரித்து வைக்கும் வடிவத்தைக் காட்டி, அதைச் சில சூரியன்களின் நிறை அளவுக்குக் கொண்டுவந்தார். எதிர்மறை ஆற்றல் என்று நம்மிடம் இருப்பதோ, வெற்றிடத்தில் நெருங்கி நிற்கும் தகடுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் காசிமிர் விளைவு மட்டுமே: ஒரு மைக்ரான் இடைவெளியில் வைத்த இரு தகடுகளுக்கு இடையே, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு நியூட்டனில் சுமார் ஒரு கோடியில் ஒரு பங்கு விசை. அதிலும் தகடுகளின் நிறைக்குரிய நேர்மறை ஆற்றல் இந்தச் சிறு எதிர்மறையை விழுங்கிவிடுகிறது.

பழைய வாத்தியார்:

குறுந்தாடி தந்த கணக்குகள் சரியானவை. ஆனால் அவை இருபத்தைந்து ஆண்டுகளில் மாறியது போல இன்னும் மாறக்கூடியவை. ஆற்றல் முழுவதும் இலவசமாகக் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தென்வானத்தின் கலம் புறப்படாது.

குமிழி ஒளியை விட வேகமாகச் செல்லும்போது, அதன் முன்சுவர் கலத்தின் ஒளிக்கூம்புக்கு, அதாவது அதன் ஒளி எட்டக்கூடிய பகுதிக்கு, வெளியே போய்விடுகிறது. கலத்திலிருந்து முன்னோக்கி அனுப்பும் ஒளிச்சைகைகூட அந்தச் சுவரை எட்டாது. நடுவில் ஒரு நிகழ்வெல்லை, அதாவது எந்தச் சைகையும் தாண்ட முடியாத எல்லை, உருவாகி நிற்கிறது. ஆகவே மாலுமியால் குமிழியைத் தொடங்கவோ திருப்பவோ நிறுத்தவோ முடியாது. தேவையான பொருளை வழிநெடுக முன்கூட்டியே யாராவது நிரப்பி வைத்திருக்க வேண்டும். அந்த ஆள் ஒளியை விட மெதுவாகத்தான் பிராக்சிமா வரை போயிருக்க முடியும். ரயில் வேகமாக ஓடும்தான், ஆனால் தண்டவாளம் போடப் போனவர் நடந்துதான் போனார் என்பது போன்ற நிலை இது. கிராஸ்னிகோவ் இந்தச் சிக்கலைச் சுட்டிக்காட்டித்தான், போகும்போது சாதாரண வேகத்தில் பாதை அமைத்துத் திரும்பும்போது அதைப் பயன்படுத்தும் தம்முடைய குழாய் என்ற மாற்றை முன்வைத்தார். அதே எல்லைதான் 2009இல் ஃபினாட்சி, லிபெராட்டி, பார்செலோ ஆகியோரின் கணக்கில் குமிழியையே குலைக்கிறது: அங்கே, கருந்துளைகள் வெளியிடுவதாகக் கருதப்படும் ஹாக்கிங் கதிர்வீச்சு போன்ற ஒன்று தோன்றி, முன்சுவரருகே அதன் ஆற்றல் அடுக்கேற்றமாகப் பெருகுகிறது.

இதைவிட ஆழமான சிக்கல், காரணத்துக்குப் பிறகே விளைவு வரும் என்ற காரண காரிய ஒழுங்கில் இருக்கிறது. குமிழி ஒளியைப் போல் பத்து மடங்கு வேகத்தில் 4 ஒளியாண்டு தொலைவை 0.4 ஆண்டில் கடக்கிறது என்போம். அதே திசையில் ஒளிவேகத்தில் 0.8 பங்குடன் செல்லும் இன்னொரு கலத்தின் கணக்கில், அந்தக் குமிழி புறப்படுவதற்குச் சுமார் 4.67 ஆண்டுகளுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறது. சிறப்புச் சார்பியலின் உருமாற்றச் சமன்பாட்டில் எண்களை இட்டு நீங்களே சரிபார்க்கலாம். இப்போது அந்த இரண்டாம் கலத்தின் கணக்குப்படி பத்து மடங்கு வேகத்தில் இன்னொரு குமிழி பூமிக்குத் திரும்பினால், முதற்குமிழி புறப்படும் நாளுக்கு இரண்டரை ஆண்டுகளுக்கும் முன்பே அது வந்து சேரும். எவரெட் 1996இல் காட்டியது இதன் பொதுச் சார்பியல் வடிவத்தைத்தான். விண்மீன் திரள்கள் விலகுவதில் இந்தத் தொல்லை இல்லை. எந்தத் திரளும் தன் அருகே செல்லும் ஒளியை முந்துவதில்லை, யாருக்கும் செய்தி கொண்டு செல்வதுமில்லை. அந்த ஒப்புமையைக் கைவிட்டுவிடுங்கள்.

ஒரு சிறு திருத்தமும் உண்டு. முன்னால் சுருக்கம், பின்னால் விரிவு என்பது கட்டாயமில்லை. விரிவே இல்லாத வார்ப் வடிவத்தை நட்டாரியோ 2002இல் எழுதிக் காட்டிவிட்டார்.

குறுந்தாடி:

நேர்மறை ஆற்றலே போதும் என்று 2021இல் லென்ட்ஸ் சொன்னதாகச் செய்திகள் வந்தனவே?

பழைய வாத்தியார்:

வந்தன. இவ்வகை வார்ப் வடிவங்கள் பொதுவாகவே ஆற்றல் நிபந்தனைகளை (ஆற்றல் எதிர்மறையாகக் கூடாது என்பது போன்றவற்றை) மீறுகின்றன என்று சாண்டியாகோ, ஷூஸ்டர், விஸ்ஸர் ஆகியோர் நிறுவியதற்கு அந்தச் செய்திகளில் இடமில்லை. அதே ஆண்டு போப்ரிக்கும் மார்ட்டிரும் நேர்மறை ஆற்றலில் இயங்கும் வடிவத்தைத் தந்தார்கள். ஆனால் அது ஒளியை விட மெதுவாகச் செல்வது. அது தானாக நகராது, வழக்கமான உந்துவிசையால் தள்ள வேண்டிய ஒரு கனத்த ஓடு.

தென்வானம்:

நன்றி ஐயா. அப்படியானால் ஒளிவேகத்துக்குக் கீழேயே நின்றால், ஒரு மனித ஆயுளுக்குள் போய்ச் சேர வழி இருக்கிறதா? வாயேஜர் 1இன் வேகத்தில் கணக்குப் போட்டால் எழுபத்தைந்தாயிரம் ஆண்டுகள் வருகின்றன.

பழைய வாத்தியார்:

இருக்கிறது. பாதி வழி புவியீர்ப்பு அளவு முடுக்கம், மீதி வழி அதே அளவு எதிர்முடுக்கம் என்று சென்றால், பூமியில் 5.9 ஆண்டுகள் ஆகும். கலத்தில் இருப்பவருக்கு 3.5 ஆண்டுகள்தான் கடந்திருக்கும். எந்த விதியும் மீறப்படவில்லை. பொருளும் எதிர்ப்பொருளும் அழிந்து எழும் ஒளி சிறிதும் வீணாகாமல் பின்னோக்கிப் பாய்கிறது என்று கொண்டால்கூட, ஒரு டன் கலத்துக்கு 38 டன் எரிபொருள் வேண்டும். அதில் 19 டன் எதிர்ப்பொருள். இதுவரை மனிதர் ஆய்வகத்தில் உண்டாக்கியதை எல்லாம் சேர்த்தாலும் ஒரு கிராம் தேறாது.