கார்விங் அனுபவங்கள்: போர்ட், பூட்ஸ், பின்னால் வருகிறவர்கள்

ஸ்னோபோர்டில் கார்விங் (போர்டை விளிம்பில் சாய்த்து, அந்த விளிம்பாலேயே பனியைக் கீறிக்கொண்டு வளைவது) என்று பேச்சு எடுத்தாலே எல்லோரும் போர்டில் போய் நின்றுவிடுகிறோம். எந்த போர்ட், என்ன நீளம், பூட்ஸைப் போர்டோடு பிணைக்கும் பைண்டிங் எத்தனை டிகிரி. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் என்னைக் கேட்டால், கார்விங்கில் வேகத்தைவிட, பனிக்கட்டியைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. நாம் அடுத்து எங்கே போவோம் என்று பின்னால் வருகிறவர் போடும் கணக்கு. அது பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

சாதாரணமாகச் சறுக்கி இறங்குகிறவர் ஒரு குறுகிய தடத்துக்குள்ளேயே இறங்குவார். பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்தே பழகியவர்கள். கார்விங் செய்கிறவருடைய தடம் வேறு. போர்டை விளிம்பில் சாய்த்துவிட்டால் சரிவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அது வளைந்துகொண்டே போகும். வளைவை முழுதாக முடித்தால் கடைசியில் கொஞ்சம் மேல்நோக்கியும் ஏறும்.

ஒரு வார நாள் காலை, அகலமான, ஆளே இல்லாத சரிவு. ஹீல் சைடு (குதிகால் பக்க விளிம்பில் போடும்) வளைவை முடிக்கப் போகிற நேரத்தில் முதுகுப் பக்கம் ஸ்கீ விளிம்புகள் பனியைப் பிறாண்டுகிற சத்தம். திரும்புவதற்குள் ஒருவர் எனக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றார். அவர் வாரியடித்த பனி என் காகிள்ஸ் முழுக்க. “வலது பக்கம் போகிறீர்கள் என்று நினைத்துத்தான் இடது பக்கமாக முந்த வந்தேன். இங்கே வந்ததோடு மேலே வேறு ஏறுகிறீர்களே!” என்றார். அவருக்குக் கோபம் இல்லை. பயந்துபோயிருந்தார், குரலே சொன்னது.

அப்புறம் இரண்டு பேரும் ஒரே லிஃப்டில்தான் ஏறினோம். வழியெல்லாம் யார் பக்கம் நியாயம் என்றுதான் பேச்சு. சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் நடத்தை விதிகள் மொத்தம் 10. அதில் 3ஆவது, பின்னால் வருகிறவர்தான் முன்னால் இருப்பவருக்கு ஆபத்து வராதபடி பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. 4ஆவது, முந்துகிறவர் முன்னால் இருப்பவர் எப்படித் திரும்பினாலும் இடிக்காத அளவுக்கு இடம் விட வேண்டும் என்கிறது. இதுவரை நியாயம் என் பக்கம். ஆனால் 5ஆவது விதி, சரிவில் நுழையும்போதும் நின்று கிளம்பும்போதும் மட்டுமல்ல, மேல்நோக்கி நகரும்போதும் மேலும் கீழும் பார்க்க வேண்டும் என்கிறது. அதன் விளக்கக் குறிப்பில் கார்விங் ஸ்கீயையும் ஸ்னோபோர்டையும் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள்: இவற்றால் சரிவில் மேல்நோக்கி வளைய முடியும், அது பொதுவான போக்குக்கு எதிர்த்திசை, அதனால் வளைகிறவர்தான் கவனிக்க வேண்டும் என்று. அவர் சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது.

இடது கால் முன்னால் வைத்து நிற்பவர்களுக்கு ஹீல் சைடு வளைவு இடது பக்கம் போகும். அது முடிகிற நேரத்தில் முகம் பள்ளத்தைப் பார்த்திருக்கும், முதுகு மேட்டைப் பார்த்திருக்கும். மேலிருந்து வருகிற எதுவும் கண்ணில் படாது. டோ சைடு, அதாவது கால்விரல் பக்க விளிம்பில் போடும் வளைவு, இதற்கு நேர் எதிர். அது முடிகிறபோது முகம் தானாகவே மேட்டுப் பக்கம் இருக்கும். அந்த அரை நொடியில் மேலே யார் வருகிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். யாராவது வந்தால் அடுத்த ஹீல் வளைவைத் தொடங்காமல் ஓரமாகவே போய், அவரை விட்டுவிட்டுத் தொடரலாம். யாரும் இல்லை என்றாலும், ஹீலுக்கு மாறுவதற்கு முன் முன்தோளுக்கு மேலாகக் கீழ்ப்பக்கமும் ஒரு பார்வை. ஏனென்றால் நாம் திரும்பப் போகிற இடம் அந்த நேரத்தில் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

பைண்டிங் கோணத்தை நான் இதை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தேன். முன்கால் +15, பின்கால் -15 டிகிரி (+ என்றால் போர்டின் மூக்குப் பக்கம், - என்றால் வால் பக்கம்) என்று வாத்து நடையில் நின்றால் உடம்பு முழுக்கப் பக்கவாட்டில் திரும்பிவிடும். இரண்டு கால்களையும் முன்நோக்கி, +30, +15 என்ற அளவில் வைத்தால் இடுப்பும் தோளும் போர்டின் மூக்குப் பக்கம் திரும்பும், கழுத்தைச் சுழற்ற வேண்டிய தூரம் குறையும். இந்த அமைப்பில் பின்பக்கமாக ஓட்டுவது சிரமம்தான். எனக்கு அது தேவைப்படவில்லை.

இன்னொன்று. சரிவைச் சீரமைக்கிற வண்டி ஓட்டும் ஒருவரோடு ஒருமுறை பேசக் கிடைத்தது. மாலையில் சீவிய சரிவும் விடியற்காலையில் சீவிய சரிவும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் பிடி ஒன்றல்ல என்றார். வண்டி உழுதுவிட்டுப் போன பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகச் சில மணி நேரம் வேண்டும். மாலையில் சீவியது இரவெல்லாம் இறுகியிருக்கும். திறப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பு சீவியது, சாய்ந்து அழுத்தினால் உள்ளே நொறுங்கும். அதிலிருந்து, இரவில் புதுப்பனி விழாத நாட்களில் எந்தச் சரிவை மாலையிலேயே முடித்தார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் முதல் லிஃப்ட் ஏறுகிறேன்.

———

மேலே எழுதிய நண்பர் சாஃப்ட் பூட்ஸ் ஆள். நான் ஸ்கீ பூட்ஸ் மாதிரி விறைப்பான ஹார்ட் பூட்ஸ் போடுகிற பெண். லிஃப்ட் வரிசையில் நின்றால் “ஸ்கீ பூட்ஸ் போட்டு ஸ்னோபோர்டா?” என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருக்க மாட்டார். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. 1998இல் நாகனோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்ட் முதன்முதலாக நுழைந்தபோது இருந்த இரண்டு போட்டிகளில் ஒன்று ஜயண்ட் ஸ்லாலம் (நட்ட கம்பங்களைச் சுற்றி வளைந்து இறங்கும் பந்தயம்), மற்றது ஹாஃப்பைப் (அரைக்குழாய் வடிவப் பனிப்பாதையில் வித்தை காட்டுவது). இன்றும் ஒலிம்பிக்கில் இருவர் பக்கம் பக்கமாக இறங்கும் பேரலல் ஜயண்ட் ஸ்லாலத்தில் ஹார்ட் பூட்ஸும் அதற்கான பிளேட் பைண்டிங்கும்தான்.

என் போர்டின் இடுப்பு (நடுவில் மிகக் குறுகிய இடம்) அகலம் 20 செ.மீ. பக்கத்தில், பைண்டிங் கோணம் 55க்கு மேல், சைட்கட் (போர்டின் பக்க விளிம்பின் வளைவு) ஆரம் 12 மீட்டர். இந்த 12 என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் போர்ட் வாங்குவதில் பாதிக் குழப்பம் தீரும். போர்டை 60 டிகிரி சாய்த்தால் அது போடும் வளைவின் ஆரம் ஏறக்குறைய பாதியாகும், அதாவது 6 மீட்டர். அந்த வளைவில் விழாமல் சாய்ந்து நிற்க மணிக்கு 36 கி.மீ. அளவு வேகம் வேண்டும். அப்போது கால்களில் விழும் பாரம் உடம்பு எடையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 8 மீட்டர் சைட்கட் என்றால் இதே சாய்வை இன்னும் குறைந்த வேகத்தில் பிடிக்கலாம். 20 மீட்டர் ரேஸ் போர்ட் என்றால் வேகமும் வேண்டும், சரிவு முழுக்கவும் வேண்டும். பழைய ரேஸ் போர்ட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட்டு, கூட்டம் இருக்கிற சரிவில் அதை எடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். அந்த போர்டுக்கு வேண்டிய இடம் அங்கே கிடையாது.

சுவிட்சர்லாந்தின் ஸினால் பக்கத்தில் எக்ஸ்ட்ரீம் கார்விங் என்று ஒரு பாணியே வளர்ந்தது. வளைவின் உச்சத்தில் உடம்பு முழுக்கப் பனியில் படுத்துவிடும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் படுத்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. ஆளில்லாத காலை நேரத்தில், மேலே ஒரு நண்பர் நின்று சரிவு காலி என்று கையைக் காட்டினால் மட்டும்தான் நான் அதை முயற்சி செய்வேன்.

ஹீல் சைடில் போர்ட் தடதடவென்று அதிரும் பிரச்சினை உங்களில் பலருக்கும் இருக்கும். எட்ஜ் (விளிம்பு) மழுங்கிவிட்டது என்று உடனே கடைக்கு ஓட வேண்டாம். யாரையாவது பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள். முழங்கால் நேராக, இடுப்பு மடிந்து, பின்புறம் வளைவுக்கு உள்ளே தள்ளி, மார்பு முன்னால் தொங்கிக்கொண்டிருக்கும். எடை எட்ஜுக்கு மேல் இல்லை. முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, தோளையும் இடுப்பையும் வளைவு போகிற பக்கம் திருப்பினால் அதிர்வு பெரும்பாலும் நின்றுவிடும். பனியில் திரும்பிப் பார்த்தால் பென்சிலால் போட்டதுபோல ஒற்றைக் கோடு கிடக்கும்.

கையுறை பற்றி யாரும் எழுதுவதில்லை. பனியில் கை உரச உரச விரல் நுனிதான் முதலில் கிழியும். தோல் கையுறை வாங்கி, தேய்கிற இடத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். கையைப் பனிமேல் ஊன்றக் கூடாது, தடவிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும்.

———

இரண்டு பதிவுகளையும் படித்தேன், நன்றி. எனக்கு ஒரு சந்தேகம். என் பூட்ஸ் அளவு 28.5 (பாத நீளம், செ.மீ.). போர்டின் இடுப்பு 25.5 செ.மீ., பைண்டிங் +15, -15. மெதுவாகப் போகும்போது எல்லாம் சரி. டோ சைடில் நன்றாகச் சாய்ந்த உடனே, எந்த அறிகுறியும் இல்லாமல் பிடி விட்டுப்போய் வயிற்றில் விழுகிறேன். எட்ஜ் தீட்டினேன், மாற்றம் இல்லை. அப்புறம், மணிக்கட்டுக் காப்பு போட்டால் முழங்கை உடையும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?

———

சரிவு மீட்புக் குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். மணிக்கட்டுக் கேள்விக்கு என் பதில்: போடுங்கள். ஸ்னோபோர்டில் அதிகம் அடிபடுவது மணிக்கட்டுதான், புதியவர்களுக்கு இன்னும் அதிகம். காப்பு அணிந்தவர்களுக்கு மணிக்கட்டுக் காயம் குறைகிறது என்பது ஆய்வுகளில் தெளிவாகவே வந்திருக்கிறது.

நான் எழுத வந்தது கணுக்காலைப் பற்றி. சாஃப்ட் பூட்ஸ் போட்ட ஒருவர், குதித்து இறங்கும்போது கால் மடங்கிவிட்டது என்று சரிவோரம் உட்கார்ந்திருந்தார். வீக்கம் பெரிதாக இல்லை. சுளுக்குதான், கொஞ்சம் நேரம் கழித்து ஓட்டுகிறேன் என்றார். வெளிப்பக்கக் கணுமேடு இருக்கிறதே, அதன் நுனிக்குச் சற்றே கீழே விரலை வைத்தேன். துள்ளிவிட்டார். வண்டியில் ஏற்றிக் கீழே அனுப்பினோம். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. வலி குறையவில்லை என்று சிடி ஸ்கேன் எடுத்தபோதுதான் டேலஸ் என்ற கணுக்கால் எலும்பின் பக்கவாட்டு முனை உடைந்திருப்பது தெரிந்தது. மருத்துவர்கள் இதை ‘ஸ்னோபோர்டர் கணுக்கால்’ என்றே சொல்கிறார்கள். வெறும் சுளுக்கு என்று விட்டுவிடுவது இதில் அடிக்கடி நடக்கிறது, விட்டால் மூட்டு கெடும். அந்த இடத்தில் அழுத்தி வலித்தால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் ஸ்னோபோர்டில் விழுந்தேன் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மோதல் நடந்த இடத்துக்கு நாங்கள் போகும்போது பெரும்பாலும் அடிபட்டவரைச் சுற்றி ஐந்தாறு பேர் நிற்பார்கள், மேலே ஒருவரும் இருக்க மாட்டார். முதலில் ஒருவர் மேல்பக்கம் ஏறி, கண்ணில் படுகிற தூரத்தில் ஸ்கீயையோ போர்டையோ பெருக்கல் குறிபோல நட்டு வைக்க வேண்டும். மேட்டு மடிப்புக்குக் கீழே விழுந்திருந்தால் இது இன்னும் முக்கியம். அப்புறம்தான் போன். இடித்தவரும் பார்த்தவரும் பெயர், விவரம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், மேலே சொன்ன 10 விதிகளில் கடைசி அதுதான்.

ஹெல்மெட்டில் இஎன் 1077 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்2040 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டியதுதான், உள்ளே நுரை நசுங்கியிருக்கும். தலையில் அடிபட்டவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், வாந்தி எடுத்தால், “நான் நன்றாக இருக்கிறேன்” என்று அவர் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அன்றைக்கு அவர் மறுபடி போர்டில் ஏறக் கூடாது.

———

28.5 பூட்ஸ் நண்பருக்கு: எட்ஜ் தீட்டித் தீராது. உங்கள் பூட்ஸின் அடிப்பாகம் வெளியிலிருந்து அளந்தால் 31 செ.மீ. பக்கம் இருக்கும். 15 டிகிரியில் அது போர்டுக்குக் குறுக்கே சுமார் 30 செ.மீ. இடத்தை எடுக்கும். பைண்டிங் இருக்கும் இடத்தில் போர்ட் இடுப்பைவிடக் கொஞ்சம் அகலம்தான், ஆனாலும் 27ஐத் தாண்டாது. மிச்சம் மூன்று செ.மீ. இரண்டு பக்கமும் சேர்த்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நன்றாகச் சாய்ந்ததும் பூட்ஸ் நுனி பனியில் ஊன்றி எட்ஜைத் தூக்கிவிடுகிறது. அறிகுறியே இல்லாமல் விழுவதற்குக் காரணம் இதுதான். விழுந்த இடத்தில் போய்ப் பாருங்கள், எட்ஜ் கோட்டுக்குப் பக்கத்தில், கோடு முடிகிற இடத்துக்கு முன்னால், பூட்ஸ் கிழித்த இன்னொரு சின்னப் பள்ளம் இருக்கும்.

30 டிகிரிக்குப் போனால் அந்த 30 செ.மீ. சுமார் 27 ஆகிவிடும். முன்காலை 30க்கும் பின்காலை 15 முதல் 20க்கும் கொண்டுவாருங்கள். ஆனால் ஒரே நாளில் வேண்டாம். பெரும்பாலான பைண்டிங் தட்டுகளில் ஒரு பல் 3 டிகிரி. ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு பல் நகர்த்தி, மெதுவான சரிவில் ஓட்டிப் பாருங்கள். பின்முழங்காலின் உள்பக்கம் வலித்தால் அந்தக் காலை ஒரு பல் பின்னால் எடுங்கள். பூட்ஸ் ஹீல், டோ இரண்டு பக்கமும் சமமாக நீட்டுகிறதா என்றும் பாருங்கள், டோ பக்கம் அதிகம் என்றால் பைண்டிங்கை ஹீல் பக்கம் தள்ளலாம். பின்கால் 15இலேயே நிற்பதால் அங்கே கொஞ்சம் நீட்டிக்கொண்டுதான் இருக்கும். இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பள்ளம் பனியில் தெரிந்தால் பைண்டிங்குக்கு அடியில் ரைஸர் (உயரம் கூட்டும் தட்டு) வைத்துப் பாருங்கள். அதிலும் போகவில்லை என்றால் இடுப்பு 27க்கு மேல் உள்ள போர்டுதான் வழி. புது போர்ட் வாங்கும் முன், உங்கள் பூட்ஸைக் கையோடு எடுத்துப் போய் அதன்மேல் வைத்துப் பாருங்கள்.