வெளிநாடு வந்த முதல் வருடம்: அவசரத்துக்கு எவ்வளவு பணம், எங்கே வைப்பது?

புதிதாக வந்திறங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மூன்று மாதச் செலவு, ஆறு மாதச் செலவு என்று எல்லோரும் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. அது தப்பில்லை. ஆனால் அது அந்தந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்காகப் போட்டது. வேலை போனால் அவர்களுக்குச் சம்பளம் மட்டும்தான் நிற்கும். நமக்கு விசாவும் சேர்ந்து ஆட்டம் காணும். அதனால் நம் கணக்கை விசாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வேலை போன பிறகு வேறு வேலை தேடவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ கிடைக்கும் அவகாசம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு, வேலை முடிந்த மறுநாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள். எந்தத் தேதி வரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவு அதற்கு முன்பே முடிகிறது என்றால் அதுவரைதான். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி ரத்தானால் பொதுவாக 30 நாள். ஆஸ்திரேலியாவில் 482 என்ற வேலை விசாவுக்கு 2024 ஜூலை முதல் ஒரு தடவைக்கு 180 நாள் வரை, விசாக் காலம் முழுவதற்கும் சேர்த்து 365 நாள். அதிக நாள் கிடைத்தவர் கொடுத்துவைத்தவர் என்று தோன்றும். ஆனால் அத்தனை நாளும் கைக்காசில்தான் ஓட வேண்டும். நாள் குறைவாக இருப்பவருக்கு வேறு மாதிரிச் செலவு: டிக்கெட், சாமான் அனுப்புவது, வாடகை ஒப்பந்தத்தைப் பாதியில் முறிப்பதற்கான தண்டம், எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நிற்கும்.

வரி கட்டுகிறோமே, அரசாங்கம் ஏதும் தராதா என்றால், முதல் வருடத்தில் அதை நம்பி இருக்காதீர்கள். ஜெர்மனியில் வேலையிழப்புப் படி வாங்க, கடைசி 30 மாதங்களில் 12 மாதமாவது காப்பீட்டுச் சந்தா கட்டியிருக்க வேண்டும். பிரிட்டனில் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் வந்தவர்களுக்கு யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை கிடையாது.

கடைசிச் சம்பளத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் வேலையை விட்டால், வரித்துறையிடம் கணக்கு முடியும் வரை அவருக்குச் சேர வேண்டிய பணத்தை நிறுவனம் நிறுத்தி வைக்க வேண்டும் என்பது சட்டம். வேலை போன மாதம், வாடகை நாள் வந்துவிட்டது, சம்பளம் மட்டும் வரவில்லை. இது முன்கூட்டியே தெரியாமல் திண்டாடுபவர்கள் நிறைய.

சரி, தொகைக்கு வருவோம். கடைசி இரண்டு மாத வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நாளைக்கே வேலை இல்லை என்றாலும் நிற்காத செலவுகளை மட்டும் குறியுங்கள். வாடகை, மின்சாரம், போன், சாப்பாடு, போக்குவரத்து. ஊரில் ஓடும் கடன் தவணையை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். பெற்றோருக்கு மாதாமாதம் அனுப்புவதையும்தான். வேலை போய்விட்டது என்று வீட்டில் சொல்லத் தயங்குவோம், ஆக அந்தப் பணமும் போய்க்கொண்டேதான் இருக்கும். மருத்துவக் காப்பீட்டைத் தனியாகக் குறியுங்கள். அமெரிக்காவில் கம்பெனி காப்பீட்டை, வேலை போன பிறகும் கோப்ரா என்ற சட்டத்தின் மூலம் தொடரலாம், ஆனால் கம்பெனி கட்டிவந்த பங்கையும் சேர்த்து, மொத்தப் பிரீமியத்தில் 102 சதவீதம் வரை நாமே கட்ட வேண்டியிருக்கும். எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய 60 நாள் அவகாசம் உண்டு, எடுத்தால் பழைய தேதியிலிருந்தே செல்லும். கையில் காசு குறைவாக இருக்கும்போது இந்த அவகாசம் பெரிய உதவி.

இந்த மாதச் செலவை விசா தரும் மாதங்களால் பெருக்கி, குடும்பத்தில் எல்லோருக்கும் கடைசி நிமிட டிக்கெட் விலையைக் கூட்டினால் உங்கள் இலக்கு வந்துவிடும். 180 நாள் இருப்பவர்கள் முழுவதையும் சேர்க்க முடியாவிட்டால் பாதியாவது சேருங்கள். இலக்கைப் பார்த்து மலைக்க வேண்டாம். முதலில் ஒரு மாத வாடகையும் ஒரு டிக்கெட்டும் சேர்ந்தால் போதும். அந்த அளவு இருந்தாலே திடீர்ச் செலவுக்குக் கிரெடிட் கார்டைத் தேய்க்க வேண்டியிருக்காது.

சேமிப்பு போலத் தெரிந்தும் சேமிப்பில் சேராதவை சில உண்டு. வீட்டு அட்வான்ஸ் காலி செய்த பிறகுதான் வரும், அதுவும் பிடித்தம் போக. ஜாயினிங் போனஸ், இடம்பெயர்வுப் பணம் இரண்டுக்கும் ஆஃபர் லெட்டரை எடுத்துப் படியுங்கள். ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். அந்த வருடம் முடியும் வரை அது உங்கள் பணமே இல்லை. அப்புறம், நண்பர்கள் தருவார்கள் என்ற நம்பிக்கை. மனசு இருக்கும், தருவார்கள்தான். ஆனால் நம் நண்பர்களில் பாதிப் பேர் அதே துறையில், சில சமயம் அதே கம்பெனியில். ஆட்குறைப்பு வந்தால் அவர்களும் அதே பயத்தில்தான் இருப்பார்கள்.

எங்கே வைப்பது? பில் எந்த நாட்டுப் பணத்தில் வருகிறதோ அந்த நாட்டில், சம்பளம் வரும் வங்கி அல்லாத இன்னொரு வங்கியில், சாதாரண சேமிப்புக் கணக்கில். சம்பளத்தன்றே அங்கே போகும்படி தானியங்கி உத்தரவு போட்டுவிடுங்கள். பங்குச் சந்தை வேண்டாம். சந்தை சரியும் காலமும் ஆட்குறைப்புக் காலமும் ஒன்றாக வருவது வழக்கம். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் வட்டி அதிகம் என்று மொத்தத்தையும் என்.ஆர்.இ. எனப்படும், வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான இந்திய வங்கி வைப்புநிதியில் போடுகிறார்கள். ஒரு வருடத்துக்குள் உடைத்தால் வட்டி ஒரு பைசா கிடையாது, பணம் இங்கே திரும்பி வரவும் நாள் ஆகும். ஊரில் அப்பா கணக்கில் இருப்பதை அவசரத்துக்கு வரவழைக்கலாம் என்பதும் அப்படித்தான். அவர் வங்கிக்குப் போய்ப் படிவம் நிரப்பி, பான் கார்டு காட்டி, எதற்காக அனுப்புகிறார் என்று எழுதிக் கொடுத்து... நமக்கு வேண்டியதோ இன்றைக்கு.

ஊருக்கு அனுப்புவதா, இதைச் சேர்ப்பதா என்றால், என் கருத்து இது: கடன் தவணையும் பெற்றோரின் மருந்துச் செலவும் நிற்கக் கூடாது. மனை வாங்குவது, தங்கை கல்யாணத்துக்கு முன்கூட்டியே நகை சேர்ப்பது, இதெல்லாம் முதல் இலக்கை எட்டும் வரை காத்திருக்கட்டும். வந்த புதிதில் "சரி" என்று தலையாட்டிவிட்டால், பிறகு தொகையைக் குறைப்பது மிகக் கஷ்டம்.

இன்னொன்று, தம்பதியாக வந்தவர்களுக்கு. பணம் ஒருவர் பெயரில், ஓ.டி.பி. வருவது அவர் போனில். அவரே ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடந்தால்? போன் பூட்டியிருக்கும், கணக்கில் பணம் இருக்கும், வெளியே உட்கார்ந்திருப்பவரால் ஒரு டாக்ஸிக்குக்கூடக் கொடுக்க முடியாது. டிபென்டன்ட் விசாவில் வந்து வேலைக்குப் போகாதவர்களுக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு. கணக்கை ஜாயின்டாகத் திறந்து இருவருக்கும் தனித்தனி கார்டு வாங்குங்கள். வங்கி ஒப்புக்கொள்ளாவிட்டால், இரண்டு மாத வாடகை அளவுக்காவது மற்றவர் பெயரில் தனிக் கணக்கில் போட்டு வைத்து, அதிலிருந்து அவரே மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பில் கட்டிப் பழகட்டும்.