புது உதவிப் பேராசிரியர்: முதல் செமஸ்டருக்கு என்ன தயார் செய்யணும்?

கேள்வி: வணக்கம். வேலூர் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் பொருளியல் எடுக்கச் சேர்கிறேன். வகுப்பில் 60 பேர், பாதிப் பேர் தமிழ்வழி. எதிலிருந்து தொடங்கலாம்? யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பயிற்சிக்கு எப்போது போகணும்?

பதில் 1: 50 நிமிஷ பீரியடுக்கு 35 நிமிஷப் பாடம் மட்டும் வைங்க மேடம். அட்டெண்டன்ஸிலும் பஸ் தாமதத்திலும் மீதி கரைஞ்சிடும். போர்டில் இடப்பக்கம் கால்வாசியைக் கலைச்சொல்லுக்கு ஒதுக்குங்க: ‘எலாஸ்டிசிட்டி – நெகிழ்ச்சி’ன்னு ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. பெல் அடிக்கிற வரை அழிக்கக் கூடாது. தமிழ்வழிப் பிள்ளைங்க தடுக்கி நிற்கிறது பாடத்தில் இல்லை, அந்தச் சொல்லில்தான்.

‘புரிஞ்சுதா?’ன்னு கேட்காதீங்க, கோரஸா தலையாட்டுவாங்க. கடைசி 3 நிமிஷம் துண்டுச்சீட்டு கொடுத்து, புரியாத ஒரு வரியை எழுதச் சொல்லுங்க. பேர் வேண்டாம்; பேர் கேட்டா வெத்துச் சீட்டுதான் வரும்.

பதில் 2: யுஜிசியின் ஆசிரியர் பயிற்சி மையங்களான மாளவியா மிஷன் மையங்களில் ‘குரு தக்ஷதா’ அறிமுகப் பயிற்சி இருக்கு, ஆன்லைனிலும் நடக்குது. 2018 யுஜிசி விதிப்படி சம்பள லெவல் 10-இலிருந்து (உதவிப் பேராசிரியரின் தொடக்க நிலை) 11-க்குப் போக 21 நாள் அறிமுகப் பயிற்சி வேணும். கூடவே ஒரு புத்தாக்கப் பயிற்சியோ, தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கின ஸ்வயம் (மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளம்) கோர்ஸோ. பதவி உயர்வு வருஷம் வரை தள்ளாதீங்க, முதல்வர் அனுமதிக் கடிதமே இழுக்கும்.

பதில் 3: பாடம் தயார் பண்ண இ-பிஜி பாடசாலை (ஆன்லைன் பாடத் தொகுப்பு) நல்லதுதான், ஆனா முதுகலைக்கானது. இளங்கலை வகுப்பில் அப்படியே திரையில் போட்டுடாதீங்க.